எட்டு மணிச் சீட்டும் பதினொரு மணிச் சீட்டும்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. மேலே தெரிவது, "பி. சுசீலா, எஸ். ஜானகி இருவரில் யார் பெரிய பாடகி?" உள்ளே இருப்பது வேறு. அறுபதுகளின் பாட்டுப் பட்டியலைத் திறந்தால் வரிக்கு வரி சுசீலா. எண்பதுகளைத் திறந்தால் வரிக்கு வரி ஜானகி. இருவரும் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வயதில் மூன்று வருஷம்கூட இடைவெளி இல்லை. அப்படியானால் ஒருவரை இறக்கிவிட்டுத்தான் இன்னொருவர் ஏறினாரா? உங்களைக் குடைவது இதுதான் என்று எனக்குப் படுகிறது. கடைசியில், ஊட்டியில் கல்லூரி விழாவில் பாடப்போவதாகவும், யார் பாட்டை எடுக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதற்கான தராசை நான் இதுவரை யாரிடமும் பார்த்ததும் இல்லை. மற்ற இரண்டுக்கும் சொல்கிறேன்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் இசை ஆராய்ச்சியாளர் இல்லை. 1986இல் தொடங்கி இருபத்தாறு வருஷம் குன்னூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினேன். எஸ்டேட் மாரியம்மன் திருவிழா, கல்யாண வரவேற்பு, சீசனில் கோடை விழா மேடை என்று கோத்தகிரியிலிருந்து கூடலூர்வரை போகாத இடமில்லை. குழுவில் பெண் குரல் நான் ஒருத்திதான், அதனால் சுசீலாம்மாவும் நானே, ஜானகியம்மாவும் நானே. இருவரையும் நேரில் சந்தித்ததில்லை. அவர்கள் பாட்டு என் தொண்டையில் என்ன செய்தது என்பதுதான் என் படிப்பு. தமிழைத் தாண்டி, கூடலூர் மேடைகளுக்காகக் கற்றுக்கொண்ட கொஞ்சம் மலையாளப் பாட்டு தெரியும். தெலுங்கையும் கன்னடத்தையும் பற்றிப் பேச எனக்குக் காது போதாது.

மேடையில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். எஸ்டேட் கச்சேரியில் விருப்பப் பாடல் கேட்டுத் துண்டுச் சீட்டு வரும். எட்டு மணிக்கு வருகிற சீட்டெல்லாம் குடும்பத்தோடு முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பவர்கள் எழுதியது. அதில் சுசீலா இருப்பார். பதினோரு மணிக்குமேல் பனி இறங்கி, பெரியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனபிறகு, பின்னால் நின்ற பையன்கள் முன்னால் வந்துவிடுவார்கள். அப்போது வருவதெல்லாம் ஜானகி. ஒரே ராத்திரிக்குள் இருபது வருஷம் நகர்ந்துவிடும். எனக்கு வரலாறு இப்படித்தான் பாடமானது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுசீலாம்மா 1935இல் விஜயநகரத்தில் பிறந்தவர். அப்பா வக்கீல். அந்த ஊரில் மகாராஜா இசைக் கல்லூரி இருந்தது, வயலின் மேதை துவாரம் வேங்கடசுவாமி நாயுடு முதல்வராக இருந்த இடம். அங்கே முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கிவிட்டுத்தான் சென்னைக்கு வந்தார். 1953இல் ‘பெற்ற தாய்’ படத்தில் ஏ. எம். ராஜாவோடு முதல் பாட்டு. இரண்டே வருஷத்தில் ‘கணவனே கண்கண்ட தெய்வம்’, ‘மிஸ்ஸியம்மா’ இரண்டும் வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த குரலாகிவிட்டார். அப்போது வயது இருபதுதான். ஏவிஎம்மில் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, தமிழ் உச்சரிப்பு கற்றுக்கொடுக்கத் தனியாக ஆசிரியர் வைத்தார்கள். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. 1965இல் ‘பஞ்சவர்ணக்கிளி’யில் பாரதிதாசனின் ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ பாட்டைப் பாடியவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த அம்மாதான். பள்ளியில் காலையில் நீங்கள் கேட்டு வளர்ந்த தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிப்பதிவிலும் டி. எம். சௌந்தரராஜனோடு இவர் குரல் இருக்கிறது. ழகரத்தைச் சொல்லிக்கொடுக்க நான் இன்றும் என் மாணவிகளுக்கு இவரைத்தான் போட்டுக்காட்டுகிறேன்.

ஜானகியம்மா 1938இல் குண்டூர் மாவட்டத்தில் பல்லபட்லா என்ற கிராமத்தில் பிறந்தார். இவருக்கு இசைக் கல்லூரி கிடையாது. பைடிசாமி என்ற நாதஸ்வர வித்வானிடம் சின்ன வயதில் கற்றதுதான் அடித்தளம். நாதஸ்வரக்காரரிடம் கற்றவர் பிற்காலத்தில் நாதஸ்வரத்தோடே போட்டிபோட்டுப் பாடிப் பேர் வாங்கினார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. 1956இல் அகில இந்திய வானொலிப் போட்டியில் இரண்டாம் பரிசு, ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் கையால். 1957இல் ‘விதியின் விளையாட்டு’ படத்தில் அறிமுகம். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுத்து ‘சிங்கார வேலனே தேவா’. ஆபேரி ராகம். அந்த ஒரு பாட்டோடு தமிழில் உச்சிக்குப் போயிருக்க வேண்டியவர். போகவில்லை. அங்கிருந்துதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது.

ஏன் போகவில்லை? உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ‘சிங்கார வேலனே’ வந்தபோது சுசீலாவின் இடம் ஏற்கனவே கெட்டிப்பட்டிருந்தது. 1961இல் ‘பாவ மன்னிப்பு’, ‘பாக்கியலட்சுமி’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று விஸ்வநாதன் ராமமூர்த்தி இரட்டையர் கதாநாயகியின் குரல் என்றாலே சுசீலா என்று ஆக்கிவைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கே. வி. மகாதேவனும் அப்படியே. ஆண் குரலுக்கு சௌந்தரராஜன், பெண் குரலுக்கு சுசீலா என்று ஜோடி நிலைத்துவிட்டால் எந்தத் தயாரிப்பாளரும் அதைக் கலைக்க யோசிப்பார். ஜானகிக்கு வாய்ப்பே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. ‘திருவிளையாடல்’ படத்தில் பி. பி. ஸ்ரீனிவாஸோடு பாடிய ‘பொதிகை மலை உச்சியிலே’ 1965. ஆனாலும் நல்ல பாட்டு என்று பேர் வாங்குவது வேறு, அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள் என்ற நிச்சயம் வேறு. தமிழில் அந்த நிச்சயம் அவருக்கு வரவில்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் வந்தது. கன்னடத்தில் ராஜ்குமார் படங்களில் ஸ்ரீனிவாஸ், ஜானகி ஜோடி என்றால் இங்கே சௌந்தரராஜன், சுசீலா மாதிரி. ஆகவே அறுபதுகளில் ஜானகி காத்துக்கிடந்தார் என்று நாம் நினைப்பது மலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதால்தான்.

இதற்குமேல் இன்னார் தடுத்தார், இன்னார் கெடுத்தார் என்று நிறையக் கதை உலவும். குழுவில் இரவு வேனில் திரும்பும்போது நானே பத்துக் கதை கேட்டிருக்கிறேன். கேட்டவர் கேட்டவரிடம் சொன்னது. ஒன்றையும் எழுதமாட்டேன்.

சுசீலாம்மாவின் பாட்டைப் பாடுவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அந்தக் காலம் அவரை ஏன் விடவில்லை என்பது புரியும். அப்போதெல்லாம் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். கடைசி சரணத்தில் ஒருவர் தப்பினாலும் பல்லவியிலிருந்து மறுபடி. ஐம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உங்களைப் பார்ப்பார்கள். அங்கே வேண்டியது, எந்த டேக்கிலும் சுருதி விலகாத குரல், எத்தனை வாத்தியத்துக்கு நடுவிலும் சொல் தெளிவாகக் கேட்கும் குரல். சுசீலாம்மா ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதன் நடுமையத்தில் போய்த் தொடுவார். மூச்சு எடுக்கிற இடம் தெரியாது. சொல்லின் கடைசி எழுத்துவரை பாடி முடித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். கேட்க எளிதாக இருக்கும், பாடிப் பார்த்தால்தான் வலி தெரியும். ‘திருவருட்செல்வர்’ படத்து ‘மன்னவன் வந்தானடி’ கல்யாணி ராகம். அதன் ஸ்வரங்களை டிசம்பர் ராத்திரியில், தபலாவின் தோல் ஈரத்தில் தொய்ந்து சுருதி இறங்கிப்போன மேடையில் பாடியிருக்கிறேன். ஒரு ஸ்வரம் வழுக்கினாலும் அடுத்த நான்கும் கூடவே சரியும். அந்தப் பாட்டில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. உணர்ச்சி பொங்குவதுபோலப் பாவனை செய்து சமாளிக்கவும் முடியாது. சுசீலா ‘சுத்தமாக’ மட்டும் பாடுவார், உணர்ச்சி குறைவு என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். ‘உயர்ந்த மனிதன்’ படத்தில் ‘நாளை இந்த வேளை பார்த்து’ கேளுங்கள். அதில் ஏக்கம் குரலை உடைத்துக்கொண்டு வராது. குரல் அப்படியே இருக்கும், நமக்குத்தான் ஏதோ செய்யும். அந்தப் பாட்டுக்கு 1968ஆம் வருஷத்துக்காகக் கிடைத்த விருதுதான் பெண் பின்னணிப் பாடகிக்கு என்று கொடுக்கப்பட்ட முதல் தேசிய விருது.

அப்புறம் 1976, 77. இந்த இரண்டு வருஷத்தில்தான் ஏதோ நகர்ந்தது. ‘அன்னக்கிளி’யில் இளையராஜா அறிமுகம். ‘அன்னக்கிளி உன்னைத் தேடுதே’, ‘மச்சானைப் பாத்தீங்களா’ இரண்டும் ஜானகிக்கு. ஆனால் அதே படத்தில் ‘சொந்தமில்லை பந்தமில்லை’ சுசீலாவுக்கு. இதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் ‘பதினாறு வயதினிலே’, ‘செந்தூரப்பூவே’, ஜானகிக்கு முதல் தேசிய விருது. வயது அப்போது முப்பத்தொன்பது. சுசீலா இருபதில் எட்டிய இடத்துக்குத் தமிழில் இவர் நாற்பதை நெருங்கும்போதுதான் வந்தார். (அந்தப் பாட்டில் ஜில்லென்ற காற்றைக் கூப்பிடும் இடம் வரும்போதெல்லாம் எங்கள் எஸ்டேட் கூட்டம் சிரிக்கும். இருக்கிற குளிர் போதாதா, இன்னும் வேறு கூப்பிடுகிறாயா என்று ஒரு பாட்டி சத்தமாகவே கேட்டுவிட்டார்.)

எல்லாம் இளையராஜாவால் வந்தது என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. அதே 1977இல் ‘அவர்கள்’ படத்தில் ‘காற்றுக்கென்ன வேலி’யை ஜானகிக்குக் கொடுத்தவர் எம். எஸ். விஸ்வநாதன். சுசீலாவைச் சிகரத்தில் வைத்திருந்த அதே கை. எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர், தனித்தனி டிராக்கில் பதிவு செய்யும் வசதி வந்ததுதான் காரணம், மெல்லக் கிசுகிசுத்தாலும் மேலே தூக்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது என்று வாதாடுவார். தேதி ஒத்துவரவில்லை. அந்த வசதி தமிழில் பரவலானது எண்பதுகளில்தான். என் யோசனை வேறு, ஆனால் இது யோசனை மட்டுமே. மாறியது கதாநாயகி. வீணை மீட்டும் நாயகி போய், பாவாடை தாவணியில் வரப்பில் ஓடுகிற பெண் வந்தாள். அவள் பாட்டில் சிரிப்பு, மூச்சு, முனகல், கொஞ்சம் கொச்சை எல்லாம் வேண்டியிருந்தது. அதெல்லாம் ஜானகியிடம் இருபது வருஷமாகவே இருந்தது, கேட்டவர்தான் இல்லை. ‘மௌன கீதங்கள்’ படத்தில் குழந்தைக் குரலில் பாடியதும் இவர்தான் என்று சொன்னால் என் மாணவிகள் நம்புவதில்லை.

ஜானகியம்மாவைப் பாடும்போது சிக்கல் நேர்மாறாக இருக்கும். சுசீலாவில் ஒளிய இடமில்லை என்றேன். ஜானகியில் அளவு தெரியவில்லை என்றால் கோமாளித்தனமாகிவிடும். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எங்கள் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது என்பதால் அது இங்கே எல்லோருக்கும் சொந்தப் படம், ‘பொன்மேனி உருகுதே’ சீட்டு வராத ராத்திரி கிடையாது. முதல் தடவை அதைப் பாடியபோது மூச்சையும் முனகலையும் அள்ளிப் போட்டேன். விசில் பறந்தது. எங்கள் வயலின்காரர் மட்டும் இறங்கியதும், "பாட்டு எங்கம்மா போச்சு?" என்றார். திரும்பக் கேட்டபிறகுதான் புரிந்தது: மூச்சு கேட்கிற இடத்திலும் ஜானகியின் சுருதி கம்பிமேல் நடப்பதுபோல நேராகப் போகிறது. அலங்காரம் முழுக்க மேலே, அஸ்திவாரம் அசையவே அசையாது. அவருடைய மேடை நிகழ்ச்சிகளின் வீடியோக்களைப் பாருங்கள். வெள்ளைப் புடவையில் அசையாமல் நிற்பார், முகத்தில் ஒன்றும் தெரியாது, கண் பாட்டுத் தாளில் இருக்கும். அத்தனை குறும்பும் குரலுக்குள் மட்டும். அதற்கப்புறம் நான் மேடையில் கை ஆட்டுவதை விட்டுவிட்டேன். விசில் குறைந்தது, பரவாயில்லை.

இப்போது உங்கள் ‘இறக்கிவிட்டு ஏறினாரா’வுக்கு வருகிறேன். தேசிய விருது சுசீலாவுக்கு ஐந்து, ஜானகிக்கு நான்கு. எண்ணிக்கையைவிட வருஷத்தைப் பாருங்கள். நாம் ஜானகியின் காலம் என்கிற எண்பதுகளில், 1982க்கு ‘மேகசந்தேசம்’, 1983க்கு ‘எம். எல். ஏ. ஏடுகொண்டலு’ என்று அடுத்தடுத்து இரண்டு விருது தெலுங்குக்காக வாங்கியவர் சுசீலா. ஜானகியின் நான்கில் ஒன்று மலையாளம் (‘ஓப்போள்’), ஒன்று தெலுங்கு (‘சித்தாரா’), 1977ம் 1992ம் மட்டும் தமிழ். 92 என்பது ‘தேவர் மகன்’. ஒருவர் தமிழில் குறைந்தபோது தெலுங்கில் நிறைந்திருந்தார், இன்னொருவர் தமிழில் குறைவாக இருந்தபோது கன்னடத்திலும் மலையாளத்திலும் நிறைந்திருந்தார். தமிழிலும் சுசீலா நின்றுபோகவில்லை. ‘கேளடி கண்மணி’யில் ‘கற்பூர பொம்மை ஒன்று’ 1990, ‘சின்ன கவுண்டர்’ படத்து ‘முத்துமணி மாலை’ 1992, ‘புதிய முகம்’ படத்தில் ரஹ்மான் இசையில் ‘கண்ணுக்கு மை அழகு’ 1993. அறுபதை நெருங்கும் வயதில் பாடியவை. ஜானகியும் ‘உயிரே’, ‘சங்கமம்’ என்று ரஹ்மானிடம் பாடி, 2014இல் ‘வேலையில்லா பட்டதாரி’வரை வந்தார். இருவருக்குமே தொழில் அரை நூற்றாண்டைத் தாண்டியது. நடுவே வாணி ஜெயராம், எல். ஆர். ஈஸ்வரி என்று வேறு குரல்களும் இருந்தன, அவர்களை விட்டுவிட்டு இரண்டு பேர் சண்டையாக இதைப் பார்ப்பது சினிமாப் பத்திரிகைப் பழக்கம்.

எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. 2016இல் கின்னஸ் பதிந்தது சுசீலாவின் 17,695 பாடல்களை, ஆறு இந்திய மொழிகளில். அதற்கு ஆதாரம் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் எழுதலாம். ஜானகிக்கு 48,000 என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறுபது வருஷத்துக்கு அது வருஷம் 800, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தினம் இரண்டுக்கு மேல். அவர் பெருமைக்கு இந்த எண் தேவையும் இல்லை.

வாழ்க்கையில் இருவரும் வேறுபடுகிற இடம் ஒன்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். சுசீலாவுக்கு 2008இல் பத்மபூஷண் வந்தது, வாங்கிக்கொண்டார். தன் பெயரில் அறக்கட்டளை வைத்து நலிந்த இசைக் கலைஞர்களுக்கு உதவுகிறார். ஜானகிக்கு அதே விருது 2013இல் அறிவித்தபோது, காலம் கடந்து வருகிறது, தென்னாட்டுக் கலைஞர்களைக் கவனிப்பதில்லை என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டார். 2017இல் மைசூருவில் விடைபெறும் கச்சேரி வைத்து மேடையை முடித்துக்கொண்டார். பாட்டில் ஒழுங்குக்குப் பேர்போனவர் விருதை ஒழுங்காக வாங்கினார், பாட்டில் குறும்புக்குப் பேர்போனவர் டில்லியிடமே முகத்தைத் திருப்பினார் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது என் கைச்சரக்கு. இருபது வருஷம் தாமதமாகவே எல்லாம் கிடைத்த ஒருவருக்கு, இன்னொன்றும் தாமதமாக வரும்போது எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக உங்கள் கல்லூரி விழா. ‘சிங்கார வேலனே’ வேண்டாம்மா. கோத்தகிரியில் ஒருமுறை நாதஸ்வரத்துக்குப் பதில் கீபோர்டை வைத்துக்கொண்டு முயன்றேன். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து, ஒலிபெருக்கி அதைப் பக்கத்து எஸ்டேட்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ‘அன்னக்கிளி’யிலிருந்தே இரண்டை எடுங்கள்: ‘சொந்தமில்லை பந்தமில்லை’, ‘அன்னக்கிளி உன்னைத் தேடுதே’. ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், இரண்டு குரல். ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தால் நான் இவ்வளவு நேரம் எழுதியது உங்கள் தொண்டைக்கே தெரிந்துவிடும். எது உங்களுக்கு உட்காருகிறதோ அதை மேடைக்குக் கொண்டுபோங்கள். ஒரிஜினல் சுருதிதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், ராத்திரிக் குளிரில் தொண்டை அரைக் கட்டை குறைவாகத்தான் எழும். அந்த அரைக் கட்டையைக் கீபோர்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மேடை ஏறியபிறகு சொன்னால், அவர் டார்ச் அடித்துக்கொண்டு சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடி முடிப்பதற்குள் விறைத்துப் போவீர்கள்.